ஆளுக்குப் பாதிப் பழம்

முதல் தடவை அந்தப் பழத்தை வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தபோது அப்பா கேட்டது இதுதான்: "இதுல கிரேப் எங்கம்மா இருக்கு?"

நியாயமான கேள்வி. பில்லில் கிரேப்ஃப்ரூட் என்று அச்சாகியிருந்தது. மேசையில் இருந்ததோ ஆரஞ்சுக்கு அண்ணன் மாதிரி ஓர் உருண்டை. மஞ்சள் தோலில் ஒரு பக்கம் மட்டும் வெட்கப்பட்டதுபோலச் சிவப்பு. மரத்தில் திராட்சைக் குலை மாதிரி கொத்துக்கொத்தாய்த் தொங்குவதால் அந்தப் பெயர் என்று சொன்னேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "கொத்தாக் காய்ச்சா திராட்சையா? அப்ப பாக்கு என்ன?" என்றார். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவரிடம் மரம் மட்டையைப் பற்றிப் பேசி ஜெயிக்க முடியாது.

பழத்தை நான் வாங்கியது சாப்பிட அல்ல. சனிக்கிழமை சாயங்காலம் ஜின்னில் கலந்து குடிப்பதற்கு. இதைத் தமிழில் எழுதும்போது ஒரு கணம் கை நிற்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நாற்பத்தாறு வயதுப் பெண், மலேசியாவில் பினாங்குத் தீவின் குளுகோரில் வீடு, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை, வெள்ளிக்கிழமை கோயில். இவள் ஜின் குடிப்பாளா? குடிப்பேன். வாரத்துக்கு ஒரு கிளாஸ். அந்த ஒரு கிளாஸை ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொள்ள எனக்கு நாலைந்து மாதம் ஆயிற்று.

எங்கள் ஊர் வெயிலைத் தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மழை வந்துவிட்டுப் போன பிறகும் சிமென்ட் தரையிலிருந்து ஆவி எழும்பும். அந்த நேரத்தில் இனிப்பான எதுவும் தாகத்தைத் தீர்ப்பதில்லை; நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. புளிப்பும் கைப்பும் உப்பும்தான் வாயைக் கழுவி விடுகின்றன. பினாங்குக்காரர்கள் அம்ரா என்ற புளிப்புக் காயின் சாற்றில் அசாம் போய், அதாவது உப்பிட்டு உலர்த்திய பிளம், போட்டுக் குடிப்பதும் அதற்காகத்தான். இதுவும் அதே குடும்பத்துப் பானம், கொஞ்சம் தலைக்கேறும் அவ்வளவுதான்.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஜின்னும் கிரேப்ஃப்ரூட் சாறும் சேர்ந்தால் கிரேஹவுண்ட். கிளாஸின் விளிம்பில் உப்பைத் தடவினால் அதுவே சால்டி டாக். முதலாவது ஓட்டப்பந்தய நாய், இரண்டாவது உப்பு நாய். அப்பாவிடம் இந்தப் பெயர்களைச் சொல்லவில்லை.

முதலில் ஜின்னைப் பற்றி. தானியத்திலிருந்து வடித்த, வாசனையே இல்லாத சாராயத்தை ஜூனிப்பர் காயோடும் வேறு சில வாசனைப் பொருள்களோடும் சேர்த்து மறுபடி வடித்தால் ஜின். ஜூனிப்பர் இல்லாவிட்டால் அது ஜின்னே இல்லை. ஜூனிப்பருக்கு அடுத்தபடியாகப் பெரும்பாலான ஜின்களில் சேரும் சரக்கு எது தெரியுமா? கொத்தமல்லி விதை. நம் வீட்டு மல்லியேதான். பாட்டிலை முதல்முறை திறந்து முகர்ந்தபோது பைன் மர வாசனைக்குப் பின்னால் ஏதோ ஒன்று தெரிந்த முகமாக எட்டிப் பார்த்தது. எங்கே, எங்கே என்று யோசித்து இரவு படுக்கும்போதுதான் பிடிபட்டது. அம்மா ரசப்பொடிக்கு மல்லி வறுத்து ஆறவைக்கும் தட்டு. அம்மா போய் ஒன்பது வருடமாகிறது. அந்தத் தட்டு ஒரு ஜின் பாட்டிலுக்குள்ளிருந்து வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வோட்கா போட்டால் என்ன என்று கேட்பார்கள். போடலாம், பழச்சாறு கொஞ்சம் போதை தரும், அவ்வளவுதான். ஜின்னில் எலுமிச்சைத் தோல், ஆரஞ்சுத் தோல் என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். கிரேப்ஃப்ரூட் வந்து சேரும்போது உறவுக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. விலை உயர்ந்த ஜின் தேவையே இல்லை. லண்டன் டிரை என்று பாட்டிலில் எழுதியிருக்கும் சாதாரண ரகம் போதும். இளஞ்சிவப்பு நிறத்தில், பழ வாசனை ஏற்றி வருகிற ஜின்களை நான் வாங்குவதில்லை. அவை இருமல் மருந்துக்குச் சித்தி பிள்ளைகள்.

வாங்குவதும் இங்கே ஒரு சடங்குதான். பேரங்காடியில் மதுபானத்துக்குத் தனித் தடுப்பு, தனி கவுன்டர். பொதுக் கவுன்டரிலிருந்த, தூடோங் என்ற முக்காடு அணிந்த முஸ்லிம் இளம்பெண்ணிடம் நான் ஒருமுறை பாட்டிலை நீட்டிவிட்டேன். அவள் முகம் சுளிக்கவில்லை. கையை மட்டும் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, சிரித்தபடியே பக்கத்துச் சீனப் பையனைக் கூப்பிட்டாள். அவன் வந்து பாட்டிலை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டுப் போனான். வெங்காயத்தையும் பழத்தையும் அவளே தொடர்ந்தாள். மதுவுக்கான வயது வரம்பு 2017 டிசம்பரிலிருந்து 21. என்னிடம் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. அது ஒரு சின்ன வருத்தம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பாட்டிலை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். ஒளித்தேன் என்றே சொல்ல வேண்டும். கணவருக்குத் தெரியும், அவருக்கு இதில் விருப்பமும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. ஒளித்தது அப்பாவுக்காக.

அப்பா பிறந்தது கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். தாத்தா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். சம்பள நாளன்று தோட்டத்துக் கள்ளுக்கடைக்குப் போய்விட்டுத்தான் லயத்து வீட்டுக்கு வருவார். சில மாதங்களில் அவர் வருவார், சம்பளம் வராது. அந்தக் கள்ளுக்கடையை யாரோ வெளியாள் நடத்தவில்லை. தோட்ட நிர்வாகமே உரிமம் வாங்கி நடத்தியது. வலது கையில் கொடுத்த கூலியை இடது கையில் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. இதைப் புரிந்துகொண்டவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலை நிறுத்தம் நடந்தபோது தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. ஜப்பான்காரன் காலம் முடிந்ததும் கெடாவில் தொண்டர் படை கிளம்பியது. கள்ளுக்கடை வாசலில் வரிசையாய் நின்று மறியல் செய்தார்கள். 1947இல் போலீஸ் புகுந்து அதை அடக்கியது.

பாட்டி அப்போது கல்யாணமாகிப் புதிதாய் வந்தவர். தொண்டர்களுக்குத் தண்ணீர்ச் செம்பு தூக்கிக்கொண்டு போனதாகச் சொல்வார். மறியல் நடந்த அந்த மாதங்களில் தாத்தா ஒரு சொட்டுக் குடிக்கவில்லையாம். "குடிச்சிட்டு வந்தா மரத்துல கட்டி வச்சிடுவாங்கன்னு பயம்" என்பார் பாட்டி. சொல்லிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார். அவர் வாழ்க்கையில் நல்ல மாதங்கள் அவை.

இந்தப் பாட்டி வளர்த்த பிள்ளைதான் அப்பா. எழுபது வயது தாண்டியும் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. கல்யாண வீடுகளில் மேசைக்கு அடியில் பாட்டில் சுற்றும்போது எழுந்துபோய்க் குழந்தைகளோடு உட்கார்ந்துகொள்வார்.

இரண்டாவது வாரமே பாட்டிலைக் கண்டுபிடித்துவிட்டார். அரிசிக்குள் வேப்பிலை போட்டிருக்கிறதா என்று பார்க்கப் போனவர். நான் வேலை முடிந்து வந்தபோது பாட்டில் மேசை நடுவில், சாமி படத்துக்கு முன்னால் வைத்த மாதிரி இருந்தது. திட்டுவார் என்று நின்றேன். அவர் கேட்டது: "ஒரு தடவைக்கு எவ்வளவு ஊத்துவே?"

அளவு ஜாடியை எடுத்துக் காட்டினேன். இரண்டு பக்கமும் கிண்ணம் வைத்த எஃகுச் சாமான், ஜிக்கர் என்பார்கள். ஒரு பக்கம் 30 மில்லி, மறு பக்கம் 45. அப்பா 45 மில்லி பக்கத்தில் தண்ணீர் பிடித்து, ஒரு டம்ளரில் ஊற்றி, டம்ளரைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார். பிறகு, "தாத்தா குடிச்ச குவளையில இது அடியில ஒட்டக்கூடக் காணாது" என்றார்.

என் வேலையே அளவுதான். தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். அதனால் அந்த ஜிக்கரைச் சமையலறைத் தராசில் வைத்து ஏற்கெனவே சோதித்திருந்தேன். தண்ணீர் ஒரு மில்லி ஒரு கிராம். வீட்டில் யாரும் செய்யலாம். 45 என்று பொறித்த பக்கம் விளிம்பு வரை ஊற்றினால்தான் 45. கை நடுங்கி ஒரு கோடு கீழே நின்றால் 40தான். 30 பக்கம் 27தான் காட்டியது. இதை அப்பாவிடம் விளக்கினேன். 40 சதவீத ஜின் 45 மில்லி என்றால் அதில் சுத்தச் சாராயம் 18 மில்லி, எடையில் சுமார் 14 கிராம். கள்ளில் சாராயம் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அரை லிட்டர்க் குவளையில் 25 மில்லி. "அப்ப தாத்தா நாலு குவளை குடிச்சா?" என்று கேட்டார். 100. கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அப்பா காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பாட்டிலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிலும் அரிசி டப்பாவின் பின்னாலிருந்து முன்னால் வந்துவிட்டது.

சரி, செய்முறைக்கு வருவோம்.

நடுத்தரமான கிரேப்ஃப்ரூட்டில் பாதியைப் பிழிந்தால் 80லிருந்து 100 மில்லி வரை சாறு வரும். ஒரு கிளாஸுக்கு 90 மில்லி போதும். ஆக ஒரு கிளாஸுக்குப் பாதிப் பழம். இந்தப் பாதிதான் பின்னால் பெரிய வில்லங்கமானது, சொல்கிறேன். சிவப்புச் சதை உள்ள பழமாகப் பார்த்து வாங்குங்கள். வெள்ளைச் சதை கைப்பு அதிகம், பார்க்கவும் சோகமாக இருக்கும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே சாறு. கப்பலில் வரும் பழங்களின் தோலில் மெழுகு பூசியிருப்பார்கள், வெந்நீரில் தேய்த்துக் கழுவிவிடுங்கள், தோலையும் பயன்படுத்தப் போகிறோம்.

பிழிவதில்தான் ரகசியம். கிரேப்ஃப்ரூட்டின் கைப்புக்கு முக்கியக் காரணம் நரிஞ்சின் என்ற பொருள். அது தோலுக்கு அடியில் உள்ள வெள்ளைப் பஞ்சிலும் சுளையைச் சுற்றிய தோலிலும்தான் குவிந்திருக்கிறது. எலுமிச்சையைப் பிழிவதுபோல் வீட்டில் உள்ள கோபத்தையெல்லாம் காட்டி முறுக்கினால் அவ்வளவும் இறங்கிவிடும். மிக்சியில் போட்டவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. கையால், பாதிப் பழத்தை இரண்டு மூன்று தடவை மெதுவாக அழுத்தி, வந்தவரை எடுத்துக்கொண்டு விட்டுவிட வேண்டும். அட்டைப் பெட்டியில் வரும் சாறு வேண்டாம். காலையிலேயே பிழிந்து குளிர்பெட்டியில் வைப்பதும் வேண்டாம், சாயங்காலத்துக்குள் அதன் முகம் மாறிவிடுகிறது.

சர்க்கரைப் பாகு சமத்துக்குச் சமம்: ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, ஒரு பங்கு வெந்நீர், கலக்கி ஆறவைத்தால் முடிந்தது. 10 மில்லி போடுங்கள். உள்ளூர்ப் பாசத்தில் கூலா மலாக்கா என்ற தென்னை வெல்லம் போட்டுப் பார்த்தேன். செண்டோல் இனிப்பின் வாசனை வந்து ஜின்னை அமுக்கிவிட்டது. எந்தச் சாமான் எந்த இடத்துக்கு என்று உண்டு. கறிவேப்பிலையை ஆய்ந்து போட்டுப் பார்த்த நாளும் உண்டு. அது ஐஸ் போட்ட ரசம்.

உப்பு ஒரு சிட்டிகை. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். உப்பு கைப்பை அமுக்கிவிடும், அமுக்கின இடத்தில் இனிப்பு தலைதூக்கும். பாகற்காய்க்கு உப்புப் பிசறி வைக்கும் நம் வீடுகளிலும், கொய்யாவுக்கு அசாம் போய்ப் பொடி தூவித் தரும் பசார் மாலம் இரவுச் சந்தைக் கடைகளிலும் இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்த விஷயம். நான் கிளாஸின் விளிம்புக்கு அந்த அசாம் போய்ப் பொடியையே தடவுகிறேன். பாதி விளிம்புக்கு மட்டும்; மீதிப் பாதி வெறுமனே இருக்கட்டும், வாய்க்கு வாய் மாற்றிக் குடிக்கலாம்.

ஐஸ்தான் இங்கே பெரும்பாடு. சின்னத் தட்டில் உறையும் கட்டிகள் நம் வெயிலில் ஐந்து நிமிடம் தாங்காது. சோறு கட்டித் தரும் தபாவ் டப்பாவில் தண்ணீர் ஊற்றி முதல் நாளே உறைய வைத்து, பாறை மாதிரி ஒரே கட்டியாய் எடுத்து, கத்தியின் முதுகால் தட்டி இரண்டு மூன்று பெருந்துண்டாக்கிக்கொள்கிறேன். பெரிய துண்டு மெதுவாய்க் கரையும். கிளாஸையும் அரை மணி நேரம் உறைபெட்டியில் வைத்துவிடுவேன்.

குலுக்கும் பாத்திரத்துக்குக் கடை கடையாய் அலைய வேண்டாம். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறதே. ஜின் 45, சாறு 90, பாகு 10, உப்பு, இவற்றோடு குலுக்குவதற்கென்று வைத்த சின்ன ஐஸ் கட்டிகளைப் பாட்டில் நிறையப் போட்டு, மூடியை இறுக்கி, துணி சுற்றிப் பிடித்து, பத்துப் பன்னிரண்டு விநாடி மும்முரமாகக் குலுக்கவும். குலுக்கும்போது பானம் குளிர்வது மட்டுமில்லை, ஐஸ் கரைந்து தண்ணீரும் சேர்கிறது. அந்தத் தண்ணீர் கெடுதல் இல்லை, அதுவும் ஒரு சேர்மானம்தான். அது சேராவிட்டால் ஜின் தொண்டையில் குத்தும். பிறகு வடிகட்டி, பெரிய ஐஸ் துண்டு போட்ட கிளாஸில் ஊற்றி, மேலே 60 மில்லி சோடா. சோடா கடைசியில், கிளாஸில். முதல் மாதம் அவசரத்தில் சோடாவையும் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் ஊற்றிக் குலுக்கினேன். மூடி போய்க் காற்றாடியில் அடித்தது. கூரைப் பலகையில் அந்த இளஞ்சிவப்புக் கறை இன்னும் இருக்கிறது, விருந்தினரிடம் மழை ஒழுகியது என்று சொல்லிக்கொள்கிறோம்.

கடைசியாக, கட்டைவிரல் அகலத்துக்குத் தோலைச் சீவி, கிளாஸுக்கு மேல் பிடித்து மடக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய் பானத்தின் மேல் தெறிக்கும். பாதி மணம் அதில்தான். நான் பாலிக் புலாவ் ஜாதிக்காயை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மேலே துருவிவிடுவேன். இது என் ஊர்ப் பெருமை, கட்டாயமில்லை.

இதைக் குடிக்கும்போது நான் நினைத்துக்கொள்வது ஒரு பழைய மலாயாப் பானத்தை. வெள்ளைக்கார துரைமார் சாயங்காலமானால் கேட்பது ஜின் பாஹிட். ஜின்னில் அங்கோஸ்துரா கைப்புச் சாறு சில சொட்டு, அவ்வளவுதான். பாஹிட் என்றால் மலாயில் கைப்பு. எங்கள் பினாங்கில் 1885இல் தொடங்கிய ஈ அண்ட் ஓ ஹோட்டல் இன்றும் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறதே, அந்த வராந்தாக்களில் எத்தனை ஜின் பாஹிட் போயிருக்கும். அதே சாயங்காலத்தில் தோட்டத்தில் தாத்தா கள்ளுக்கடை வரிசையில் நின்றிருப்பார். குடிப்பதற்கும் இரண்டு ஜாதி இருந்தது.

பழத்தின் கதையும் வேடிக்கைதான். கிரேப்ஃப்ரூட்டுக்கு மூதாதை நம் பக்கத்துப் பம்பளிமாசு. இங்கே லிமாவ் பாலி என்போம்; ஈப்போவுக்குப் பக்கத்தில் தம்புன் அதற்குப் பேர் போனது. கப்பலேறிக் கரீபியத் தீவுகளுக்குப் போன பம்பளிமாசு அங்கே ஆரஞ்சோடு கலந்து, 18ஆம் நூற்றாண்டில் பார்படோஸ் தீவில் இந்தப் புதுப்பழம் தோன்றியது. அங்கே அந்நாளில் அதற்கு வழங்கிய பெயர் 'விலக்கப்பட்ட கனி'. பம்பளிமாசு என்ற தமிழ்ச்சொல்லை டச்சுக்காரர்களின் பொம்பல்மூஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினம் அவர்கள் கையில் இருந்தது. ஜின்னுக்கும் மூலம் அவர்களுடைய யெனேவர் என்ற சாராயம்தான். என் கிளாஸில் இருக்கும் இரண்டு சாமானிலும் டச்சுக்காரன் கைபட்டிருக்கிறது.

மூதாதையைப் போட்டுச் செய்து பார்த்தால் என்ன என்று தம்புன் பம்பளிமாசு ஒன்றை உரித்துப் பிழிந்தும் பார்த்தேன். அதன் முத்துகள் சாற்றை விடுவதில்லை, கருமி. வந்த கொஞ்சமும் ஜின்னுக்குப் பக்கத்தில் வாயைத் திறக்கவில்லை. அதை உதிர்த்து, வறுத்த தேங்காய்ப்பூவும் மிளகாயும் போட்டுக் கெராபு என்ற சாலட் செய்வதுதான் அதற்கு மரியாதை.

இப்போது அந்த மீதிப் பாதி.

ஒரு கிளாஸுக்குப் பாதிப் பழம் என்றால் மறு பாதி என்ன ஆகும்? அப்பா எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை நான் பிழியும்போது எதிரே வந்து உட்கார்ந்து, தன் பாதியின் மேல் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, ஸ்பூனால் தோண்டித் தோண்டிச் சாப்பிடுவார். "நீ ஜூஸைக் குடி, நான் பழத்தைத் திங்கறேன். யாரு நல்லவங்கன்னு ஊரு சொல்லட்டும்" என்பார். நாளடைவில் பழம் சனிக்கிழமையைத் தாண்டிவிட்டது. அவருக்குப் பிடித்துவிட்டதால் வாரத்துக்கு மூன்று நான்கு வாங்க ஆரம்பித்தேன். நான் ஒரு பாதி, அவர் மிச்சம் எல்லாம். ஜின் குடிக்கிற மகள் வீட்டில் பழம் தின்கிற அப்பா. எனக்கும் அது ஒருவிதத்தில் நிம்மதியாக இருந்தது. செய்கிற தப்புக்குப் பிராயச்சித்தம் மாதிரி.

அப்புறம் தொடை வலி என்றார். காலையில் மாநகர்ப் பூங்காவில் நாலு சுற்று நடக்கிறவர். நடையால் என்றுதான் நினைத்தோம். தைலம் தேய்த்தோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கக் கிளினிக்கில் மருந்து வாங்கப் போகும் நாள் வந்தது. அவருக்கு இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாட்டின். மருந்துக் கவுன்டரில் இருந்தவர் ஒரு மலாய்ப் பெண், என் மகன் வயதுதான் இருக்கும். உடம்பு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்க, அப்பா தொடை வலியைச் சொன்னார். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். புதிதாக ஏதாவது மாத்திரை, நாட்டு மருந்து, சாப்பாடு?

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிறவர் தோரணையில், எல்லோர் காதிலும் விழும்படி மலாயில் சொன்னார்: "நான் ஒண்ணும் இல்லம்மா. என் மகள்தான் சனிக்கிழமையானா ஜின் குடிக்கிறா. எனக்கு அந்தப் பழத்துல பாதி குடுப்பா."

பின்னால் வரிசையில் இருந்த இருபது பேரும் என் முதுகைப் பார்ப்பது தெரிந்தது. அந்தப் பெண் ஜின்னைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "என்ன பழம், அங்கிள்?"

சொன்னோம். எத்தனை என்று கேட்டார். சொன்னோம். பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

நம் குடல் சுவரில் சி.ஒய்.பி 3ஏ4 என்று ஒரு நொதி இருக்கிறது. விழுங்குகிற மாத்திரைகளில் பலவற்றை இரத்தத்துக்குள் போகுமுன்பே ஒரு பகுதி உடைத்துவிடுகிற வாயிற்காவலன் அது. அந்தக் கழிவையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் மாத்திரையின் அளவை நிர்ணயிக்கிறார்கள். கிரேப்ஃப்ரூட்டில் உள்ள ஃபியூரனோகூமரின் என்ற பொருள்கள் அந்தக் காவலனை மயக்குவதில்லை, ஒரேயடியாகக் கொன்றுவிடுகின்றன. புது நொதி சுரந்து பழைய நிலைக்கு வர ஒன்றிரண்டு நாளாவது வேண்டும். அதுவரை விழுங்கும் சிம்வாஸ்டாட்டின் தடையில்லாமல் பல மடங்காக உள்ளே போகிறது. ஒரு மாத்திரை போட்டவர் பல மாத்திரை போட்ட மாதிரி. அளவு மீறினால் அது தசையைத் தாக்கும். பழத்தைக் காலையிலும் மாத்திரையை இரவிலும் எடுத்துக்கொண்டால் தப்பலாமே என்று கேட்டேன். முடியாது, காவலன்தான் உயிரோடு இல்லையே. லிமாவ் பாலியும் கூடாது என்றார் அந்தப் பெண். அப்பாவுக்கு அதுதான் பெரிய அடி.

இரவு இதைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோபோலவும் இருந்தது. இந்த விஷயம் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கனடாவில், ஒண்டாரியோ மாநிலத்தில் உள்ள லண்டன் நகரத்தில், டேவிட் பெய்லி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் ஃபெலோடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரையோடு சாராயம் சேர்ந்தால் என்ன ஆகிறது என்று சோதித்தார்கள். யாருக்குச் சாராயம், யாருக்கு இல்லை என்பது குடிப்பவர்களுக்கே தெரியக்கூடாது. அந்த ருசியை மறைக்க எல்லோருக்கும் கிரேப்ஃப்ரூட் சாற்றில் கொடுத்தார்கள். பார்த்தால், சாராயம் குடிக்காதவர்களின் இரத்தத்திலும் மருந்து எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு. 1989இல் அந்த ஆய்வு வெளிவந்தது. சாராயத்தின் மேல் குற்றம் தேடிப் போனவர்கள் அதை மறைக்கப் போட்ட பழத்தைப் பிடித்தார்கள்.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. பாட்டிலை அரிசிக்குப் பின்னால் ஒளித்தேன்; மில்லி மில்லியாய் அளந்தேன்; காகிதத்தில் கணக்குப் போட்டேன். பழத்தை மட்டும் யாரும் அளக்கவில்லை. கூடையில் குவித்து மேசை நடுவில் வைத்திருந்தோம்.

ஜின்னுக்கு நற்சான்றிதழ் கொடுப்பதாக நினைக்க வேண்டாம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் கேட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். இந்த மருந்துகள் மட்டுமல்ல, கிரேப்ஃப்ரூட்டோடு மல்லுக்கு நிற்கும் மாத்திரைகள் இன்னும் நிறைய உண்டு. உங்கள் வீட்டு மாத்திரைப் பையோடு போய் மருந்தகத்தில் கேட்பதற்கு ஐந்து நிமிடம் ஆகும். டாக்டர் அப்பாவுக்கு இரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார், பயப்படும்படி எதுவும் இல்லை என்றார். பழத்தை நிறுத்தி மூன்று வாரத்தில் வலி குறைந்தது. பழத்தால்தானா என்று அடித்துச் சொல்ல முடியாது, நடையாகவும் இருக்கலாம் என்றார். அப்பா தீர்ப்பு எழுதிவிட்டார்: "எல்லாம் உன் ஜின்னாலதான்."

இப்போது சனிக்கிழமைகளில் அவருக்கு அம்ரா. தோல் சீவி, கொட்டையை விட்டு அரைத்து வடித்து, அசாம் போய் இரண்டு போட்டு, அதே மாதிரி நீளக் கிளாஸில், அதே பெரிய ஐஸ். அவர் வற்புறுத்துவதால் அதையும் ஜிக்கரில் அளந்துதான் ஊற்றுகிறேன். விளிம்பு வரை வருகிறதா என்று குனிந்து பார்க்கிறார்.

பாதிப் பழப் பிரச்சினை தீரவில்லை. வாரம் ஒரு பழம், நான் பாதி, மறு பாதி குளிர்பெட்டியில் காய்ந்து கிடந்தது. போன வாரம் அப்பாவே ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்து வீட்டுச் சீன ஆண்டி தனியாக இருக்கிறார், பழம் என்றால் உயிர். அந்தப் பாதியை ஒரு கிண்ணத்தில் வைத்து, மேலே தட்டு மூடி, வேலியோரம் எடுத்துக்கொண்டு போனார். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். கிண்ணத்தை நீட்டுவதற்கு முன்னால் அவர் கேட்பது கேட்டது: "ஆண்டி, யூ ஆடா மாக்கான் ஊபாட் கொலஸ்ட்ரால்?" கொலஸ்ட்ராலுக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று.

ஆண்டி உள்ளே போய் மாத்திரைப் பையோடு வந்தார். இரண்டு பேரும் வேலியின் மேல் அட்டை அட்டையாகப் பரப்பி, கண்ணாடியைத் தூக்கித் தூக்கி, பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரம் கழித்து அப்பா திரும்பி வந்தார். கிண்ணத்தில் பழம் அப்படியே இருந்தது.

"அவங்களுக்கும் அதேதான்" என்றார்.